ஒரே இழுப்பில் பல குண்டுகள்: ஒரு பெயின்ட்பால் மார்க்கரின் உட்பாகங்களைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த மார்க்கர், அதாவது சாயக் குண்டுகளை வாயு அழுத்தத்தால் எய்யும் பெயின்ட்பால் துப்பாக்கி, வட அமெரிக்காவில் உள்ள ஒரு வாடகை ஆட்டக் களத்துக்குச் சொந்தமானது. டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டை மட்டுமே எய்ய வேண்டிய அது, சில வேளைகளில் மூன்று நான்கு குண்டுகளை நிறுத்தாமல் எய்துவிடுகிறது என்பதே புகார். இலையுதிர் காலத்துக் குளிர்ந்த காலைகளில் இந்தக் கோளாறு வெளிப்படும். மார்க்கரை ஒதுக்கி வைப்பார்கள். வெயில் ஏறிய பிறகு வேறொருவர் எடுத்துச் சோதித்தால் ஒரு குறையும் தெரியாது என்பதால் அது மறுபடியும் வாடகைக்குப் போய்விடும். காலையில் வந்து நண்பகலில் மறையும் இந்த இயல்பைக் களத்தினர் வெறும் தொல்லையாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் புகாரிலேயே மிகப் பயனுள்ள தகவல் அதுதான்.

தன் விருப்பத்துக்குச் சுடும் மார்க்கரைச் சிறு குறையாகக் கருத முடியாது. பெயின்ட்பால் குண்டின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது சுமார் 17.3 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 3 கிராம். வினாடிக்கு 280 அடி வேகத்தில் அது சுமார் 11 ஜூல் ஆற்றலைச் சுமந்து செல்கிறது. ஒரு குண்டு பட்டவர் கையை உயர்த்தி ஆட்டத்திலிருந்து விலகும் நேரத்தில் இன்னும் மூன்று குண்டுகள் அவர்மேல் விழுந்தால், ஆட்ட விதியும் பாதுகாப்பும் ஒருசேரக் கெடுகின்றன.

மார்க்கரின் அமைப்பைச் சொன்னால்தான் கோளாறு விளங்கும். இது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்ட புளோபேக் வகையைச் சேர்ந்தது; குண்டை எய்யும் வாயுவின் ஒரு பகுதியே பின்னோக்கித் தள்ளி மார்க்கரை அடுத்த குண்டுக்குத் தயார்செய்யும். கிங்மன் நிறுவனத்தின் ஸ்பைடர் மார்க்கர்கள் பரவலாக்கிய இந்த அமைப்பைப் பின்பற்றி வேறு பலரும் மார்க்கர்கள் செய்திருக்கிறார்கள். மேல் குழாயில் போல்ட் இருக்கிறது. கீழ்க் குழாயில் பின்னாலிருந்து முன்னாக மெயின் ஸ்பிரிங், ஸ்ட்ரைக்கர், வால்வு உடல், அதன் துளையை அடைத்து நிற்கும் கப் சீல், கப் சீலை முன்னாலிருந்து அழுத்தும் வால்வு ஸ்பிரிங் ஆகியவை வரிசையாக அமைந்துள்ளன. போல்ட்டையும் ஸ்ட்ரைக்கரையும் ஒரு பின் இணைக்கிறது. எனவே ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். ஸ்ட்ரைக்கரைப் பின்னால் பிடித்து நிறுத்துவது சியர் என்னும் சிறிய எஃகுக் கொக்கி.

டிரிகர் இழுக்கப்பட்டதும் சியர் விலகுகிறது. மெயின் ஸ்பிரிங் ஸ்ட்ரைக்கரை முன்னோக்கி எறிகிறது. கூடவே போல்ட்டும் முன் சென்று குண்டைப் பேரலுக்குள், அதாவது குண்டு வெளியேறும் குழலுக்குள், தள்ளுகிறது. ஸ்ட்ரைக்கர் கப் சீலின் தண்டில் மோத, வால்வு ஒரு கணம் திறக்கிறது. வெளிவரும் வாயுவில் ஒரு பகுதி மேலே ஏறிப் போல்ட்டின் வழியாகக் குண்டை எய்கிறது. மறுபகுதி பின்னோக்கி வந்து ஸ்ட்ரைக்கரின் முகத்தில் மோதி, அதை ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்கு எதிராகச் சியர் வரை தள்ளுகிறது. இந்தப் பின்வரும் வாயு ஓரங்களில் கசிந்து வீணாகாதபடி அடைத்துப் பிடிப்பது ஸ்ட்ரைக்கரைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்னும் ஒரு ரப்பர் வளையம் மட்டுமே.

இங்கே கணக்கு நேரடியானது. பின்னோக்கி வரும் வாயுவின் உந்துதல், மெயின் ஸ்பிரிங்கின் எதிர்ப்பையும் குழாய்ச் சுவரில் ஓ-ரிங் உண்டாக்கும் உராய்வையும் வென்றால் ஸ்ட்ரைக்கர் சியரைத் தாண்டிப் போய்ப் பிடிபடும். மயிரிழையில் தோற்றால், சியர் வரை வந்தும் பிடிபடாமல் ஸ்பிரிங்கால் மறுபடி முன்னே எறியப்படும். வால்வு மறுபடி திறக்கும். விரல் டிரிகரை விட்ட பின்னும் இது தொடரலாம். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கரில் 12 பேர் ஆடிய முதல் பெயின்ட்பால் ஆட்டத்தில் இப்படி ஒரு கோளாறு தோன்றியிருக்கவே முடியாது. வனத்துறையினர் மரங்களில் அடையாளமிடப் பயன்படுத்திய நெல்-ஸ்பாட் 007 என்ற கருவியே அன்று அவர்கள் கையில் இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் அதைக் கையால் தயார்செய்ய வேண்டும். தானாகத் தயாராகும் வசதி வந்தபோதுதான் பாதியில் நின்றுவிடும் ஆபத்தும் கூடவே வந்தது.

காலைக் குளிரின் பங்கு இப்போது தெளிவாகும். மார்க்கர் கரியமில வாயு உருளையில் இயங்கியது. உருளைக்குள் அந்த வாயு திரவமாகவே இருப்பதால், அதன் அழுத்தத்தை உருளையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை, வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் அழுத்தம் சுமார் 57 பார், அதாவது 830 பி.எஸ்.ஐ.; 5 டிகிரியில் அது 40 பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வேகமாகச் சுடும்போது திரவம் ஆவியாகி உருளையைக் குளிர்விப்பதால் இறக்கம் இன்னும் கூடும். நல்ல நிலையில் உள்ள புளோபேக் மார்க்கர் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். இந்த மார்க்கர் தாங்கவில்லை என்றால், அதன் உந்துதலுக்கும் எதிர்ப்புக்கும் இடையே இருக்க வேண்டிய உபரியை ஏதோ ஒன்று முன்பே தின்றுவிட்டிருக்க வேண்டும். குளிரைக் குற்றம் சொல்லிவிட்டு மார்க்கரை வெயிலில் காயவைப்பது பழுதுபார்ப்பு ஆகாது.

பழுது ஏட்டில் இருந்தவை

களத்தின் பழுது ஏட்டில் இந்த மார்க்கருக்கு மூன்று பதிவுகள் இருந்தன. முதலில் பேரல் வழியாக வாயு கசிந்ததால் கப் சீல் மாற்றப்பட்டது. எப்படியும் திறந்தாகிவிட்டதே என்று ஸ்ட்ரைக்கரின் ஓ-ரிங்கும் உருளை வாயின் ஓ-ரிங்கும் அப்போதே மாற்றப்பட்டன. அடுத்து, குண்டின் வேகம் குறைந்துவிட்டது என்ற குறிப்பு. மூன்றாவதாக, வேகத்தை உயர்த்துவதற்காகக் கடினமான மெயின் ஸ்பிரிங் பொருத்தப்பட்டது. தானாகச் சுடும் புகார் அதற்குப் பிறகே தொடங்குகிறது. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான வேலைதான். ஆனால் முதல் வேலைக்கும் இரண்டாவது புகாருக்கும் தொடர்பு இருக்குமா என்று எவரும் கேட்டதாகப் பதிவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது வேலைக்குத் தேவையே ஏற்பட்டிருக்காது.

திறக்கும் முன் பேரல் வாய் மூடப்பட்டது. குண்டுகள் நிறைந்த ஹாப்பர் அகற்றப்பட்டது. பிறகே உருளை கழற்றப்பட்டது. உருளையைத் திருகும்போது கண் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மார்க்கரிலிருந்து உருளை கழல்வதற்குப் பதிலாக, உருளையின் வால்வே உருளையிலிருந்து கழல ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். அப்படி உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. வால்வின் கழுத்திலும் உருளையின் தோளிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைத்தால், இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றனவா என்பது உடனே தெரிந்துவிடும். உருளை போன பிறகும் வால்வு அறையில் வாயு எஞ்சியிருக்கும் என்பதால், ஸ்ட்ரைக்கர் செத்த ஓசையோடு முன்னால் விழுந்து கிடக்கும்வரை பாதுகாப்பான திசையில் வெறுமனே சுட்டு அது வெளியேற்றப்பட்டது.

உருளை வாயின் ஓ-ரிங் முதல் சாட்சி. அது கறுப்பு நைட்ரைல் ரப்பர். மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. கழற்றியதும் பள்ளத்திலிருந்து பிதுங்கி வந்துவிட்டது. அழுத்தத்தில் உள்ள கரியமில வாயு நைட்ரைலுக்குள் ஊறிப் புகுகிறது. அழுத்தம் திடீரென நீங்கினால் உள்ளே புகுந்தது விரிந்து ரப்பரைக் கிழிக்கிறது. அதனால்தான் இந்த இடத்துக்கு ஷோர் ஏ அளவில் 90 கடினம் உள்ள யூரித்தேன் வளையத்தை விரும்புகிறார்கள். அளவு 015 என்ற அமெரிக்கத் தர எண். உள் விட்டம் 14 மில்லிமீட்டர், தடிமன் 1.78 மில்லிமீட்டர். இந்த வளையம் தானாகச் சுடுவதற்குக் காரணமில்லை. ஆனால் மாற்று வளையங்கள் பொதுவான வன்பொருள் கடையின் பெட்டியிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லிவிட்டது.

பின்மூடியைக் கழற்றி ஸ்ட்ரைக்கரை வெளியே எடுக்கும்போதே கைக்குத் தடை தெரிந்தது. ஸ்பிரிங் இல்லாத நிலையில், எண்ணெய் இட்ட ஸ்ட்ரைக்கர் கீழ்க் குழாயில் லேசான, சீரான தடையோடு நகர வேண்டும்; இங்கே அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. ஓ-ரிங்கைக் கழற்றி வெர்னியரில் அளந்தபோது தடிமன் 2 மில்லிமீட்டர். அந்தப் பள்ளத்துக்கு உரியது 1.78. மெட்ரிக் பெட்டியில் உள்ளதில் மிக நெருங்கியதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். தடிமனில் 0.22 வேறுபாடு என்றால் விட்டத்தில் அது 0.44 மில்லிமீட்டர். அசையாத இணைப்பில் அத்தனை கூடுதல் நெருக்கத்தை மன்னித்துவிடலாம். வினாடிக்குப் பலமுறை ஓடித் திரும்பும் ஸ்ட்ரைக்கரில் அதுவே பிரேக் ஆகிவிடுகிறது.

இதிலிருந்து ஏட்டின் மூன்று பதிவுகளும் ஒரே கதையாகக் கோக்கப்படுகின்றன. தடித்த வளையம் முன்னோக்கி ஓடும் ஸ்ட்ரைக்கரை இழுத்துப் பிடித்தது, மோதல் மெலிந்ததால் வால்வு போதுமான அளவு திறக்கவில்லை, வேகம் குறைந்தது. கடினமான ஸ்பிரிங் அந்த இழுப்பை முன்னோக்கிய பயணத்தில் வென்றுகொடுத்தது. வேகமானியில் எண் சரியாகத் தெரிந்தது. திரும்பும் பயணத்திலோ வாயு இப்போது இரண்டு எதிரிகளைச் சுமக்கிறது: பழைய உராய்வு அப்படியே இருக்க, அதன் மேல் புதிய ஸ்பிரிங்கின் கடினமும் ஏறிக்கொண்டது. நண்பகலின் 57 பாரில் ஒப்பேறிய அந்தச் சுமை, காலையின் 40 பாரில் ஒப்பேறவில்லை. அழுத்தம் குறைந்தால் வால்வை மூடும் விசையும் குறைந்து, அது சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஆகவே காலை நேரத்து வேகமானிகூட அபாயத்தைக் காட்டும் அளவுக்குக் கீழே இறங்கவில்லை.

இது ஊகமாகவே நின்றுவிடக் கூடாது. சியரின் விளிம்பு தேய்ந்திருந்தாலும், சியர் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். எனவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றும் வழக்கமான குறுக்குவழி தவிர்க்கப்பட்டது. பழுதுபார்ப்புப் பெட்டியில் உள்ள அத்தனை பாகங்களையும் மாற்றினால் மார்க்கர் பெரும்பாலும் ஓடத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். அதே பெட்டியில் உள்ள தவறான வளையம் அடுத்த மார்க்கருக்குள்ளும் போகும்.

ஒவ்வொன்றாக மாற்றியது

முதலில் ஸ்ட்ரைக்கரின் ஓ-ரிங் மட்டும் மாற்றப்பட்டது. கழற்றுவதற்குக் கூர்மையான ஊசியைத் தவிர்ப்பது நல்லது. அது அலுமினியக் குழாயையோ வளையப் பள்ளத்தையோ கீறினால், அந்தக் கீறல் வருகிற வளையங்களை எல்லாம் அறுத்துக்கொண்டே இருக்கும். முனை மழுங்கிய பித்தளைக் கொக்கி போதும். புதிய வளையத்தைப் பள்ளத்தில் உருட்டி ஏற்றியபின், முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா என்று விரலைச் சுற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். முறுக்கிய வளையம் ஓரிடத்தில் மேடாகத் தட்டுப்படும். கரைப்பான் கலந்த தெளிப்பு எண்ணெய்கள் வளையங்களைக் கெடுக்கும் என்பதால், காற்றழுத்தக் கருவிகளுக்கான மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு இடப்பட்டது.

கடினமான ஸ்பிரிங்கை வேண்டுமென்றே உள்ளேயே விட்டுவிட்டு வேகமானியின் முன் சுட்டபோது, வேகம் வினாடிக்கு 300 அடியைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான களங்கள் ஏற்கும் உச்ச வரம்பே அதுதான். பல களங்கள் 280க்கு மேல் அனுமதிப்பதில்லை. தடித்த வளையம் எவ்வளவு ஆற்றலை விழுங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. இன்னொன்றையும் இது காட்டுகிறது. அந்த வளையம் நாளடைவில் தேய்ந்து மெலிந்திருந்தால், எவரும் ஒரு திருகைக்கூடத் தொடாத நிலையிலேயே இந்த மார்க்கர் ஒருநாள் வரம்பு மீறிச் சுடத் தொடங்கியிருக்கும். என் கணிப்பில் தானாகச் சுடும் கோளாறைவிட இது மோசமானது. முன்னதாவது தன்னை வெளிக்காட்டிக்கொள்கிறது.

அடுத்து இயல்பான கடினம் உள்ள மெயின் ஸ்பிரிங் திரும்பவும் பொருத்தப்பட்டது. வேகம் 270 அடியை ஒட்டி நின்றது. பின்னால் உள்ள திருகில் சற்று மாற்றினால் களத்தின் வரம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடிந்தது. கடினமான ஸ்பிரிங் இருந்தபோது அந்தத் திருகை முழுவதும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். சரிசெய்யும் திருகு ஒரு முனையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் மார்க்கரில், பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே முறை.

இதுவரை வால்வைத் தொடவில்லை. ஆனால் பேரலைக் காதோடு வைத்துக் கேட்டால் மெல்லிய சீறல் இருந்தது. பேரல் வழிக் கசிவு என்றாலே கப் சீல்தான் என்பது இந்த அமைப்பில் நம்பத்தக்க விதி. வால்வு மூடியிருக்கும்போது வாயு போல்ட்டுக்குப் போவதற்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை. புதிய பிளாஸ்டிக் கப் சீல் இருக்கையில் படிவதற்குச் சில சுடுதல்கள் பிடிக்கும் என்பதும் உண்மை. இது புதியதல்ல. முன்மூடியைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்கும் கப் சீலும் முன்புறமாக வந்தன; கப் சீலின் முகத்தில் படிந்திருந்த வட்டத் தடம் ஓரிடத்தில் அறுந்திருந்தது. அதற்கு நேரே வால்வு உடலின் இருக்கை விளிம்பில் ஒரு சிறு நசுங்கல் இருந்தது. முந்தைய பழுதின்போது வால்வு உடலைத் திருப்புளியால் நெம்பி எடுத்ததன் விளைவாக இது இருக்கலாம். கப் சீலை எத்தனை முறை மாற்றினாலும் இந்த இருக்கையில் அது முழுமையாகப் படியாது. பித்தளை இருக்கையை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்பவர்கள் உண்டு. தட்டையும் மையமும் கெடாமல் அதைக் கையால் செய்வது கடினம் என்பதால் வால்வு உடலே மாற்றப்பட்டது.

இந்த வேலை முழுவதிலும் மிகுந்த பொறுமை கேட்டது அந்த மாற்றம்தான். வால்வு உடலைப் பிடித்திருக்கும் திருகு கீழே இருக்கிறது. அதைத் தளர்த்திய பிறகு, குழாயின் விட்டத்தைவிடச் சற்று மெலிந்த மரக்குச்சியால் பின்னாலிருந்து தள்ள வேண்டும். புதியதைச் செருகும்போது இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, உடலைச் சுற்றியுள்ள ஓ-ரிங் திருகுத் துளையின் கூரிய விளிம்பைக் கடக்கும்போது சீவப்படுவது. வளையத்துக்கு எண்ணெய் இட்டு, லேசாகச் சுழற்றியபடியே மெதுவாகத் தள்ளினால் அது தப்பும். எண்ணெயில் கறுப்புத் துகள் மிதந்து வந்தால், அடுத்த படிக்குப் போகாமல் வெளியே எடுத்து வளையத்தைப் பார்க்க வேண்டும். மற்றது, வால்வின் மேல் துளை மார்க்கர் உடலில் உள்ள துளைக்கு நேராக அமையாமல் திரும்பி நிற்பது. அப்போது வாயுவின் பாதை பாதி அடைபட்டு வேகம் குறையும். அதைக் கண்டவர் மறுபடியும் கடினமான ஸ்பிரிங்கைத் தேடிப் போவார். மேல் குழாயிலிருந்து போல்ட்டை எடுத்துவிட்டு விளக்கொளியில் துளையினூடே பார்த்து, இரண்டும் ஒன்றிய பிறகே கீழ்த் திருகு இறுக்கப்பட்டது. திருகு வால்வு உடலின் குழியில் உட்கார வேண்டும். அதன் பக்கச் சுவரில் முட்டி நிற்கக் கூடாது.

மேல் குழாயில் உடைந்த குண்டுகளின் பிசின் படிந்து போல்ட்டையும் சற்றுப் பிடித்துக்கொண்டிருந்தது. குண்டின் ஓடு ஜெலட்டின், உள்ளே இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த சாயம். இரண்டும் வெந்நீரில் கரைந்துபோகும். கழுவித் துடைத்ததோடு அந்த வேலை முடிந்தது. குண்டு முன்னால் உருண்டு போகாமல் தடுக்கும் டிடென்ட்டில் குறையில்லை.

சோதனை வேண்டுமென்றே குளிர்ந்த காலையில், இரவு முழுவதும் வெளியே வைத்த உருளையைக் கொண்டு நடத்தப்பட்டது. மெதுவாகவும், விரல் அனுமதித்த அளவு வேகமாகவும், உருளை வெளியே பனி பூக்கும்வரை தொடர்ந்தும் சுட்டதில் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டே வந்தது. பிறகு கடினமான ஸ்பிரிங் மட்டும் மீண்டும் உள்ளே போடப்பட்டு, குண்டுகள் இல்லாமல் வெறும் வாயுவோடு அதே குளிர்ந்த உருளையில் இயக்கப்பட்டது. உருளை நன்கு குளிர்ந்தபின் ஸ்ட்ரைக்கர் இரட்டை அடி அடித்தது. முன்பு போல மூன்று நான்கு முறை இல்லை. ஆக, வளையத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் கோளாறில் தனித்தனிப் பங்கு இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அது களத்தில் தெரியும் அளவுக்கு வளர்ந்தது.

சியரைப் பற்றி ஒரு குறிப்பு. டிரிகர் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பிடிவிளிம்பு சற்று மழுங்கியிருந்தது. அதை அரத்தால் கூர்தீட்டும் பழக்கம் ஏற்கத்தக்கதல்ல. கடினப்படுத்தப்பட்ட மேற்பரப்பு தேய்ந்துபோனால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவாகக் கரையும், பிடிக்கும் கோணமும் மாறிவிடும். இப்போதைய நிலையில் அது ஸ்ட்ரைக்கரை உறுதியாகவே பிடிக்கிறது. டிரிகரைத் தொடாமல் தயார் நிலையில் வைத்து உடலை ரப்பர்ச் சுத்தியலால் தட்டியும் விடுபடவில்லை. ஆகவே அது மாற்றப்படவில்லை. அடுத்த பருவத் தொடக்கத்தில் பார்க்க வேண்டியது என்று ஏட்டில் எழுதப்பட்டது.

களத்தில் இருந்த மற்ற மார்க்கர்களில் அதே மெட்ரிக் பெட்டி வளையங்கள் பொருத்தப்பட்டவை எவை என்று ஏட்டைக் கொண்டு தேடி எடுத்து, அவற்றின் ஸ்ட்ரைக்கர் வளையங்களும் உருளை வளையங்களும் மாற்றப்பட்டன. ஒவ்வொன்றும் மாற்றத்துக்குப் பிறகு வேகமானியில் மறுபடி அளக்கப்பட்டது. வளையத்தின் தடை நீங்கியதால் சிலவற்றில் வேகத் திருகைத் தளர்த்த வேண்டியிருந்தது. கடினமான ஸ்பிரிங்குகள் பட்டறை மேசையிலிருந்து அகற்றப்பட்டன. ஏட்டில் இனி மாற்றிய பாகத்தின் பெயரோடு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்த வேகத்தையும் எழுதுவதற்கு இரண்டு கட்டங்கள் சேர்க்கப்பட்டன.